இழுக்கிற மரம்

வேலைவெட்டி இல்லாமல் மல்லாந்து கிடப்பவனைப் பார்த்து, "விட்டத்தையே பார்த்துக்கிட்டுக் கிடக்கான்" என்று வீட்டில் திட்டுவார்கள். கான்கிரீட் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் திட்டு பாதிதான் புரியும். அண்ணாந்தால் அவர்களுக்குத் தெரிவது மின்விசிறி மட்டுமே. ஓட்டுக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு விட்டம் நிஜமாகவே பார்க்கத் தகுந்த பொருள். இன்றும் பார்க்கலாம். பழைய பள்ளிக்கூடத்தின் கூடம், ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகை, மங்களூர் ஓடு வேய்ந்த தாலுகா அலுவலகம் என்று ஏதாவது ஒன்றில் நின்று தலையைத் தூக்குங்கள்.

இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கைமரங்கள். அவை முட்டிக்கொள்ளும் இடம் முகடு. சுவருக்குச் சுவர் குறுக்கே ஓடும் கனத்த விட்டம். அந்த விட்டத்தின் நட்டநடுவிலிருந்து முகடுவரை நெட்டாக ஒரு குட்டைத் தூண். இந்த முழு அமைப்பையும் மரவேலைக்காரர்கள் 'டிரஸ்' என்பார்கள். முக்கோணச் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தூணைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். முகட்டின் பாரம் தூணில் இறங்குகிறது, தூண் அதை விட்டத்தில் இறக்குகிறது, விட்டம் சுவரில் சேர்க்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுவோம். ஆனால் இரண்டு செங்கல் மேல் கிடத்திய பலகையை உடைக்க வேண்டுமென்றால் எங்கே மிதிப்போம்? நடுவில்தானே! விட்டம் எளிதில் வளைந்து முறிகிற இடமும் அதன் நடுதான். கூரைப் பாரத்தை அங்கே கொண்டுபோய் இறக்குகிற ஆசாரிக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

ஆசாரி சரியாகத்தான் செய்திருக்கிறார். நாம்தான் தலைகீழாகப் படித்துவிட்டோம். அந்தத் தூண் முகட்டைத் தாங்கவில்லை, முகட்டிலிருந்து தொங்குகிறது. அந்த விட்டம் கூரையைச் சுமக்கவில்லை, கூரை விரிந்து போகாமல் இழுத்துப் பிடிக்கிறது.

நோட்டுப் புத்தகக் கூரை

இதை நம்ப ஒரு கெட்டி அட்டை நோட்டும் முழ நூலும் போதும். நோட்டை நடுவில் விரித்து, முதுகு மேலே வரும்படி மேசை மேல் கூரைபோலக் கவிழ்த்து வையுங்கள். முதுகை விரலால் மெல்ல அழுத்துங்கள். இரண்டு அட்டைகளும் அடியில் வெளிப்பக்கமாக வழுக்கி ஓடும். நீங்கள் கொடுத்தது கீழ்நோக்கிய அழுத்தம். அது அட்டையின் அடியில் வெளிநோக்கிய தள்ளாகவும் வெளிப்படுகிறது. சாய்ந்து நிற்கிற எதற்கும் இந்தக் குணம் உண்டு. மொசைக் தரையில் சாய்த்து வைத்த ஏணியின் கால் வழுக்குவதும் இதனால்தான். இந்த வெளித்தள்ளை 'உதைப்பு' என்போம். கைமரம் சுவரின் தலையில் நின்றுகொண்டு சுவரை வெளியே உதைக்கிறது.

உதைப்பைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, உதைத்தாலும் அசையாத தடித்த சுவர் எழுப்புவது, அல்லது வெளியே முட்டுச்சுவர் கொடுப்பது. இரண்டாவது வழி மலிவானது. நோட்டின் அடி விளிம்புகளைச் சுற்றி நூலைக் கட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள். நூல் விறைக்கும், அட்டைகள் ஓடாது. வெள்ளையடிக்கிறவர்களின் மடக்கு ஏணியில் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கயிறோ சங்கிலியோ கட்டியிருக்கும். அது செய்கிற வேலையும் இதுவே. ஆள் மேலே ஏற ஏற அது விண்ணென்று முறுக்கேறும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பொருளின் இரு முனைகளையும் உள்நோக்கி நெருக்கினால் அதற்குள் இருப்பது அமுக்கவிசை. வெளிநோக்கி இழுத்தால் இழுவிசை. தரையில் நிற்கும் தூணிலும் ஏணிக் காலிலும் இருப்பது அமுக்கவிசை, கிணற்றுக் கயிற்றில் இருப்பது இழுவிசை. கயிறு இழுக்கும், ஆனால் தள்ளாது. இந்தக் குறை நமக்கு ஒரு நல்ல சோதனைக் கருவியைத் தருகிறது. கூரையில் ஒரு மரத்தைச் சுட்டி, 'இந்த இடத்தில் மரத்துக்குப் பதில் கயிறு கட்டியிருந்தால் கூரை நிற்குமா?' என்று கேளுங்கள். நிற்கும் என்றால் அது இழுக்கிற மரம். கைமரத்துக்குப் பதில் கயிறு கட்டினால் கூரை அந்த நொடியே விழும். குறுக்கு விட்டத்துக்குப் பதில் கட்டினால் நிற்கும். உங்கள் நோட்டு நிற்கிறதே!

யாழ்ப்பாணம் காத்த சொல்

இந்த இழுப்பை ஒரு பழைய சொல் தனக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற பேச்சில் குறுக்கு விட்டத்துக்குத் 'தீராந்தி' என்று பெயர். கேட்டால் நல்ல தமிழ்ச்சொல் போலத்தான் இருக்கும். ஆனால் இது கதிரை, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றோடு போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் போர்த்துகீசியர் கையில் இருந்தது. மூலச்சொல் 'திரான்தெ'. அந்த மொழியில் 'திரார்' என்றால் இழுத்தல். ஆக, தீராந்தி என்றால் இழுப்பது, இழுவை.

நம்மிடம் விட்டம், உத்தரம், தூலம் என்று சொற்கள் ஏற்கெனவே இருந்தன. அவை மரம் எங்கே கிடக்கிறது, எவ்வளவு பருமன் என்பதைச் சொல்கின்றன. தீராந்தி மட்டும்தான் மரம் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. போகப்போக அந்தப் பொருள் தேய்ந்து, சும்மா குறுக்கே கிடக்கிற மரத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொல் நிலைத்தது, இழுப்பு மறந்துபோனது.

மற்ற மொழித் தச்சர்களும் இதே உண்மையைப் பெயரில் பதித்திருக்கிறார்கள். இத்தாலியர்கள் இந்த மரத்தைக் 'காத்தேனா' என்கிறார்கள், அதாவது சங்கிலி. போர்த்துகீசியத்தில் இதற்கு 'லின்யா' என்று இன்னொரு பெயரும் உண்டு. அதன் நேர்ப்பொருள் நூல். நாம் நோட்டில் கட்டினோமே, அதே நூல்.

எவ்வளவு இழுப்பு?

ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 6 மீட்டர், 3 மீட்டருக்கு ஒரு டிரஸ், கூரைச் சரிவு 30 பாகை. ஒவ்வொரு டிரஸின் தலையிலும் ஏறக்குறைய 21 சதுர மீட்டர் கூரை வந்து சேரும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 போல ஆகும், ஓடு ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஓடு மட்டுமே முக்கால் டன்னைத் தாண்டுகிறது. ரீப்பர், கைமரம் எல்லாம் சேர்த்தால் 1 டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு 500 கிலோவாக இரண்டு சுவரும் அதைக் கீழே வாங்கிக்கொள்ளும். அது போக, ஒவ்வொரு கைமரமும் சுமார் 430 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே உதைக்கும்.

சரிவைக் கூட்டி 45 பாகையாக்கினால் அதே 1 டன்னுக்கு உதைப்பு 250 கிலோவாகக் குறையும். கூரையைத் தாழ்த்தி 15 பாகையாக்கினால் 930 கிலோவாக எகிறும். தாழ்ந்த கூரை சாதுவாகத் தெரியும், ஆனால் அதுதான் அதிகம் உதைக்கும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் இதைத் தினமும் பார்க்கிறோம். கொடி தொய்வாக இருந்தால் ஈரச் சேலையைச் சிரமமில்லாமல் தாங்கும். தொய்வே இல்லாமல் விறைப்பாகக் கட்டினால் அதே சேலை ஆணியைப் பிடுங்கிவிடும். கூரை என்பது கவிழ்த்துப் போட்ட கொடிக்கயிறு.

தொங்கும் தூண்

இனி அந்தக் குட்டைத் தூண். 6 மீட்டர் நீள விட்டம் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். அதன் மேல் பரணோ பலகைத் தளமோ இருந்தால் இன்னும் தொய்யும். தொய்கிற கயிற்றை நடுவில் தூக்கிவிட என்ன செய்வோம்? மேலேயிருந்து இன்னொரு கயிற்றை விட்டுக் கட்டுவோம். முகட்டிலிருந்து வருகிற அந்த இரண்டாவது கயிறுதான் இந்தத் 'தூண்'. நோட்டின் முதுகில் ஒரு நூலைக் கட்டி, கீழே தொங்கவிட்டு, அடிநூலின் நடுவோடு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். அதே கூரை, அதே படம். இப்போது தூண் இருந்த இடத்தில் வெறும் நூல், அதுவும் விறைப்பாக.

முகடு எப்படி இந்தப் பாரத்தைத் தாங்குகிறது? இரண்டு கைமரங்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தூணின் தலையை ஆசாரி கீழ்ப்பகுதியைவிட அகலமாக விட்டு, இரண்டு பக்கமும் தோள்போலச் செதுக்குவார். கைமரங்களின் முனை அந்தத் தோள்களுக்குக் கீழே வந்து கவ்வும். கண்ணாடிப் புட்டியின் கழுத்தை இரண்டு விரல்களால் இடுக்கித் தூக்கும்போது, வாய் விளிம்பு விரல்மேல் உட்கார்ந்து புட்டி தொங்குகிறதல்லவா, அதே ஏற்பாடு. கூரைப் பாரம் கூடக் கூட இடுக்கியின் பிடி இறுகும்.

தூணின் அடியிலிருந்து இரண்டு சாய்கால்கள் கிளம்பி, கைமரங்களின் நடுவுக்குப் போவதையும் பல டிரஸ்களில் காணலாம். கைமரம் நடுவில் வளையாமல் இவை முட்டுக் கொடுக்கின்றன. இவற்றின் பாரம் தூணின் காலில் இறங்குகிறது. தூண் அதையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு தொங்குகிறது. அதாவது கைமரம், தன்னைத் தாங்கும் முட்டுக்காலைத் தானே தலையிலிருந்து தொங்கவிட்டுச் சுமக்கிறது! விட்டத்தின் பலவீனமான நடுவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆங்கிலத்தில் இதற்குக் 'கிங் போஸ்ட்' என்று பெயர். ராஜா என்றதும் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது போன்ற ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. ஜெர்மானியர்கள் 'ஹெங்கெசொய்லெ' என்கிறார்கள், தொங்குதூண் என்று பொருள். போர்த்துகீசியத்தில் 'பெந்துரால்', அதற்கும் தொங்குவது என்றுதான் பொருள். நாமும் தொங்குதூண் என்றே சொல்வோமே. காதில் முரணாக விழும். அந்த முரண்தான் விஷயத்தை நினைவில் நிறுத்தும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குறுக்கு விட்டத்தின் மேல் தூண் தெரிகிற கூரையெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் பழைய வீடுகள் பலவற்றில் தடித்த தூலத்தின் மேல் குட்டைத் தூண் நிஜமாகவே நின்றுகொண்டு முகட்டைத் தாங்குகிறது. கைமரங்கள் முகட்டிலிருந்து கீழே படுத்திருக்கும், உதைப்பு அவ்வளவாக இருக்காது. ஆனால் முழுப் பாரமும் தூலத்தின் நடுவில் இறங்குவதால் தூலம் மிகத் தடிமனாக இருக்க வேண்டும். கிரேக்கக் கோயில்களின் மரக்கூரை இன்று இல்லை. கல்லில் விட்டம் செருகிய குழிகள் மட்டும் மிச்சம். அவற்றின் அளவை வைத்து, கிரேக்கர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு மூட்டில் இருக்கிறது. நிற்கிற தூணுக்கு அடியில் ஒரு சின்னக் கழுந்து போதும். பாரமே அதை இடத்தில் அழுத்தி வைத்துக்கொள்ளும். தொங்குகிற தூணுக்கு அது போதாது, விட்டம் கழன்று விழுந்துவிடும். அதனால் ஆங்கில 'யு' எழுத்துப் போல வளைத்த இரும்புப் பட்டை ஒன்று விட்டத்துக்கு அடியில் சுற்றி வந்து, தூணின் இரு முகங்களிலும் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். விட்டம் அந்தப் பட்டையில் ஊஞ்சல்போலக் கிடக்கும். இத்தாலியக் கூரைகளில் தூணின் அடி விட்டத்தைத் தொடாமலே நிற்பதும் உண்டு. நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். தொடாத தூண் எப்படித் தாங்கும்?

இரும்பு மலிவானபோது இன்னொரு சாட்சியும் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் அகலமான கூரை தேவைப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் காமில் பொலொன்சோ 1830களின் இறுதியில் கொடுத்த வடிவத்தில், இழுபடுகிற இடங்களில் எல்லாம் மரத்தை எடுத்துவிட்டு ஒல்லியான இரும்புக் கம்பிகளைப் போட்டார். நாம் போட்ட கணக்கில் வந்த 430 கிலோ இழுப்பைத் தாங்க, இன்று வீட்டுத் தளத்துக்குக் கட்டுகிற 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றே போதும். அதே கம்பியை நட்டு வைத்து மேலே நாற்பது கிலோ அரிசி மூட்டையை ஏற்றினால் வளைந்து மடங்கிவிடும். அப்படிப்பட்ட கம்பி கூரையில் தாக்குப்பிடிக்கிறது என்றால், அங்கே இருப்பது இழுவிசையாகத்தான் இருக்க முடியும்.

இந்த அறிவு எவ்வளவு பழையது? எகிப்தில் சினாய் மலையடிவாரத்தில் இருக்கும் புனித கத்தரீன் மடத்துத் தேவாலயத்தின் கூரையில், தொங்குதூண் வைத்த மரச்சட்டகங்கள் இன்றும் இருக்கின்றன. வயதை விட்டங்களே சொல்கின்றன. அவற்றில் செதுக்கிய கிரேக்க எழுத்துகள் பேரரசர் ஜஸ்டினியனை உயிரோடு இருப்பவராகவும், பேரரசி தியோடோராவை மறைந்தவராகவும் குறிக்கின்றன. தியோடோரா இறந்தது 548இல், ஜஸ்டினியன் இறந்தது 565இல். ஆக, அந்த மரங்கள் இந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள் மேலே ஏறியிருக்க வேண்டும். விசைகளுக்குக் கணக்குப் போடத் தெரிவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, எந்த மரம் இழுபடுகிறது என்று உளி பிடித்த கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

முனையில் இருக்கிறது உயிர்

மரம் நார் ஓடுகிற திசையில் இழுப்பை நன்றாகவே தாங்கும். சிக்கல் அதைப் பிடித்து இழுப்பதில்தான். கயிற்றுக்கு முடிச்சுப் போடலாம், மரத்துக்குப் போட முடியுமா? ஆகவே விட்டத்தின் முனையருகே மேற்புறத்தில் ஒரு காடி வெட்டி, கைமரத்தின் காலை அதில் உட்கார வைப்பார்கள். கைமரம் வெளியே உதைக்கும்போது, காடிக்கு வெளிப்புறம் மிச்சமிருக்கிற ஒரு சாண் கட்டைதான் முழு உதைப்பையும் வாங்குகிறது. அந்த மிச்சம் குறைவாக இருந்தால், விறகு பிளப்பதுபோல நாரோட்டத்திலேயே சீவிக்கொண்டு போய்விடும். விவரமான ஆசாரி விட்டத்தைச் சுவரளவோடு நறுக்காமல் வெளியே நீட்டி விடுவதன் காரணம் இதுவே. அழகுக்கென்று அதை வெட்டக் கூடாது. மழைச்சாரல், சுவர் ஈரம், கரையான் மூன்றும் முதலில் தாக்குவதும் இந்த முனையைத்தான். பழைய கூரையைச் சோதிக்கிறவர் விட்டத்தின் நடுவைப் பார்ப்பதற்கு முன் முனைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் நிம்மதி, 'தொப்' என்றால் வேலை வந்துவிட்டது.

எங்கள் உறவில் ஒருவர் பழைய ஓட்டு வீட்டைக் கடையாக மாற்றினார். உயரமான அலமாரிகளுக்கு விட்டம் இடைஞ்சலாக இருந்தது. "மேலே ஒண்ணையும் தாங்கல, சும்மாதான கெடக்கு" என்று ஒரு விட்டத்தின் நடுப்பகுதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், அது ஒன்றையும் தாங்கவில்லை. அன்றைக்குக் கூரை விழவும் இல்லை, பழைய மண்சுவர் கனத்தால் உதைப்பைப் பொறுத்துக்கொண்டது. ஐப்பசி மழையில் ஓடுகள் தண்ணீர் குடித்துக் கனத்தன. தை பிறப்பதற்குள் சுவரின் தலை வெளியே சாய்ந்து, முகட்டில் வானம் தெரிந்தது.

சாய்ந்த சுவரைத் திரும்ப இழுக்க முடியுமா? பாரிஸில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலை மற்றும் தொழில் காப்பகத்தின் சுவர்கள் வெளியே பிதுங்கியபோது, மொலார் என்பவர் சுவருக்குச் சுவர் இரும்புத் தண்டுகளைச் செலுத்தி, வெளியே தட்டும் மரையும் மாட்டினார். தண்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று சூடாக்கினால் அவை நீளும். உடனே மரையை முறுக்குவார். ஆறும்போது தண்டு சுருங்கி, சுவரைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். பிறகு அடுத்த தண்டு. மாறி மாறிச் செய்து சுவர்களை நேராக்கினார்.

எங்கள் உறவினர் வீட்டுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. கூரையை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தி, வெளியே இரும்புத் தட்டு வைத்து, ஸ்பானரால் நாளுக்குக் கொஞ்சமாக முறுக்கினார்கள். கம்பி மெலிதாக, அலமாரிக்கு மேலே கண்ணில் படாமல் ஓடுகிறது. அதைப் பார்த்து விட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீராந்தி என்று தாராளமாகச் சொல்லலாம்.